சீக்குவென்ஸ் சொல்லும் எண்ணும் டேபிளில் இருக்கும் எண்ணும்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

டேட்டாபேஸில் புது வரிகளுக்கு ஒவ்வொன்றாக ஐடி எண் கொடுக்கும் எண்ணியான சீக்குவென்ஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். ஒரு நாள் டேட்டாவை வேறு சர்வருக்கு மாற்றுவோம், அல்லது நடுவில் ஒரு கனெக்ஷன் பூலர் (டேட்டாபேஸ் இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) வைப்போம். அன்றிலிருந்து பிழைச்செய்தி கொட்ட ஆரம்பிக்கும். இதே பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தபோது சேர்த்துவைத்த குறிப்புகள் இவை. பெரும்பாலும் போஸ்ட்கிரஸை வைத்துச் சொல்கிறேன். ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகியவை வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## எதையும் தொடும் முன் மூன்று எண்கள்

"தற்போதைய மதிப்பு" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு எண்கள். மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் எண், டேபிளில் இப்போது இருக்கும் மிகப் பெரிய ஐடி. இதை மேக்ஸ் போட்டு எடுக்கலாம்.

இரண்டாவது, சீக்குவென்ஸ் தன்னைப் பற்றித் தானே சொல்லும் எண். போஸ்ட்கிரஸில் சீக்குவென்ஸ் என்பது ஒரே வரி உள்ள குட்டி டேபிள்தான். அதையே செலக்ட் செய்தால் லாஸ்ட்_வேல்யூ, லாக்_சிஎன்டி, இஸ்_கால்டு என்று மூன்று விவரம் வரும். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். லாஸ்ட்_வேல்யூவை மட்டும் எழுதினால் போதாது, காரணம் பின்னால் வருகிறது. ஆரக்கிளில் இந்த எண் யூசர்_சீக்குவென்சஸ் வியூவில் லாஸ்ட்_நம்பர் என்ற பெயரில் இருக்கும்.

மூன்றாவது, உங்கள் செஷனுக்கு, அதாவது டேட்டாபேஸோடு உங்களுக்கு உள்ள இணைப்புக்கு, கடைசியாகக் கொடுக்கப்பட்ட எண். இதைச் சொல்வதுதான் கர்வேல். பக்கத்து செஷன் அதற்குள் ஆயிரம் எண் வாங்கியிருந்தாலும் உங்கள் கர்வேல் அசையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. "எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்கலாமே" என்று, அடுத்த எண்ணை வாங்கும் நெக்ஸ்ட்வேல் போட்டுப் பார்க்காதீர்கள். அது எண்ணைக் காட்டுவதோடு ஒன்றைச் செலவழித்தும் விடும். பழுது பார்க்கும் நேரத்தில் தடயம் மாறிவிடக் கூடாது.

## அறிகுறி: புது வரி சேர்த்தால் "டூப்ளிகேட் கீ" பிழை வருகிறது

என்னிடம் அதிகம் வந்த புகார் இதுதான். முதலில் பிழைச்செய்தியை முழுதாகப் படியுங்கள். எந்தக் கன்ஸ்ட்ரெயின்ட் (டேபிளின் கட்டுப்பாட்டு விதி) உடைந்தது என்று அதன் பெயர் அதிலேயே இருக்கும். அது பிரைமரி கீயாக (வரியை அடையாளம் காட்டும் ஐடி நெடுவரிசையாக) இல்லாமல், மின்னஞ்சல் போன்ற வேறொரு யுனிக் நெடுவரிசையாக இருந்தால் சீக்குவென்ஸ் மேல் குற்றமே இல்லை. அதே ஆளை இரண்டு முறை சேர்க்கப் பார்த்திருக்கிறீர்கள். பிரைமரி கீதான் என்றால் கீழே போகலாம்.

### டேபிளின் மேக்ஸ் பெரியது, சீக்குவென்ஸ் பின்தங்கியிருக்கிறது

யாரோ ஐடியைக் கையால் கொடுத்து வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படிச் சேர்க்கும்போது நெடுவரிசையின் டீஃபால்ட் கூப்பிடப்படுவதில்லை, அதனால் சீக்குவென்ஸ் நகராது. கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளையில் ஐடியோடு சேர்த்து ஏற்றினாலும் இதே கதைதான். "ஐடென்டிட்டி ஆல்வேஸ் என்று வைத்திருக்கிறோம், கையால் போடவே முடியாது" என்று ஒருவர் உறுதியாகச் சொல்வார். இன்சர்ட்டுக்கு அது சரி. காப்பிக்கு அந்தத் தடை கிடையாது, கோப்பில் உள்ள ஐடியை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த காரணம், சர்வர் மாற்றம். போஸ்ட்கிரஸின் நகல் கருவியான பிஜி_டம்ப் மூலம் முழுதாக எடுத்தால் சீக்குவென்ஸின் நிலையையும் சேர்த்தே எழுதும். அமைப்பை மட்டும் டம்ப் எடுத்து, டேட்டாவை வேறு வழியில் நகர்த்தினால் புது இடத்தில் சீக்குவென்ஸ் ஆரம்ப எண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். வரி மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனும் அப்படித்தான். நான் கையாண்ட பதிப்புகள் எல்லாவற்றிலும் வரிகள் மறுபக்கம் போயின, சீக்குவென்ஸ் நிலை போகவில்லை. ஒருமுறை நானே இதில் மாட்டியிருக்கிறேன். மாற்றம் முடிந்து, வரி எண்ணிக்கை எல்லாம் சரிபார்த்து, பயனர்களை உள்ளே விட்டோம். முதல் நிமிடத்திலேயே எல்லா டேபிளிலும் டூப்ளிகேட் கீ. வரிகளை எண்ணிய நாங்கள் சீக்குவென்ஸ்களை எண்ணவில்லை. அதிலிருந்து மாற்றப் பட்டியலில் சீக்குவென்ஸுக்கு என்று தனி வரி வைத்திருக்கிறேன்.

"பிழை வந்தது, நான்கைந்து முறை முயன்றதும் தானாகச் சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அதை நம்புங்கள், உண்மையாகவே அப்படி நடக்கும். தோற்றுப்போன ஒவ்வொரு இன்சர்ட்டும் ஒரு எண்ணை வாங்கிவிட்டுத்தான் தோற்கிறது. ரோல்பேக் ஆனாலும் (செய்த மாற்றங்கள் ரத்தானாலும்) அந்த எண் திரும்பிப் போகாது. ஐந்து எண் பின்தங்கியிருந்தால் ஐந்து தோல்விக்குப் பிறகு சீக்குவென்ஸ் மேக்ஸைத் தாண்டிவிடும். ஐந்து லட்சம் பின்தங்கியிருந்தால் காத்திருந்து பயனில்லை.

### சீக்குவென்ஸ் முன்னால் இருக்கிறது, ஆனாலும் மோதுகிறது

இங்கேதான் ஆட்கள் அதிக நேரம் தொலைக்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் சீக்குவென்ஸ், டேபிள் பயன்படுத்தும் சீக்குவென்ஸ்தானா?

பிஎஸ்கியூஎல் கருவியில் பின்சாய்கோடு டி போட்டு டேபிளின் டீஃபால்ட்டைப் பாருங்கள். பிஜி_கெட்_சீரியல்_சீக்குவென்ஸ் தரும் பெயரும் டீஃபால்ட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அந்த ஃபங்ஷன் நல் (மதிப்பு இல்லை) கொடுத்தால், அந்த நெடுவரிசைக்குச் சொந்தமான சீக்குவென்ஸ் எதுவும் இல்லை என்று பொருள். டேபிள் பெயரில் பெரிய எழுத்து கலந்திருந்தால் பெயருக்கு உள்ளே இரட்டை மேற்கோளும் வேண்டும், இல்லாவிட்டால் டேபிளே இல்லை என்று சொல்லும். நெடுவரிசைப் பெயருக்கு அது வேண்டாம். இந்த முரண் எனக்கு இன்றும் பழகவில்லை, ஒவ்வொரு முறையும் நின்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

டேபிளை லைக், இன்க்ளூடிங் டீஃபால்ட்ஸ் என்று நகல் எடுத்திருந்தால் பழைய டேபிளும் புது டேபிளும் ஒரே சீக்குவென்ஸைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் மோதல் வராது. ஆனால் பிறகு யாராவது புது டேபிளுக்குத் தனி சீக்குவென்ஸ் என்று ஒன்றை உருவாக்கி, டீஃபால்ட்டை மாற்றி, ஆரம்ப எண்ணை நகர்த்த மறந்திருப்பார்கள்.

### டேட்டாபேஸ் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது

அப்படியானால் அப்ளிகேஷனைப் பாருங்கள். ஜாவாவில் டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட் நூலகத்தைப் பயன்படுத்தினால், ஒரு முறைக்கு எத்தனை எண் என்று சொல்லும் அலொகேஷன்சைஸைச் சொல்லாமல் விட்டால் அது 50. அதாவது டேட்டாபேஸிடம் ஒரு எண் வாங்கி, அதை ஒட்டிய 50 எண்களைத் தனக்கென வைத்துக்கொள்ளும். சீக்குவென்ஸின் இன்க்ரிமென்ட் (ஒவ்வொரு முறையும் கூடும் அளவு) 1 ஆக இருந்தால் அடுத்த முறை வாங்கும் 50 முந்தைய 50-இன் மேலேயே விழும். சில சமயம் மைனஸ் ஐடிகூட வரும். மைனஸ் ஐடியைப் பார்த்தாலே நான் முதலில் இதைத்தான் சோதிப்பேன். இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்: சீக்குவென்ஸின் இன்க்ரிமென்ட்டை 50 ஆக்குங்கள், அல்லது அலொகேஷன்சைஸை 1 ஆக்குங்கள். முதல் வழியில் போனால் சீக்குவென்ஸை மேக்ஸுக்கு 100 எண் தள்ளியே தொடங்கி வையுங்கள்.

ஹைபர்னேட் 5-இலிருந்து 6-க்கு ஏற்றிய மறுநாள் இந்தப் பழுது வந்ததா? 6-இல் ஒவ்வொரு என்டிட்டிக்கும் (டேபிளுக்கு இணையான ஜாவா வகுப்புக்கும்) அதன் பெயரில் தனி சீக்குவென்ஸ் என்பது வழக்கமாகிவிட்டது. முன்பு எல்லாம் ஹைபர்னேட்_சீக்குவென்ஸ் என்ற ஒன்றிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தன. அமைப்பைத் தானே உருவாக்கும்படி விட்டிருந்தால் புது சீக்குவென்ஸ்கள் 1-இலிருந்து தொடங்கியிருக்கும்.

கடைசியாக, சைக்கிள் என்ற விருப்பம் போட்டிருக்கிறதா பாருங்கள். உச்ச எண்ணைத் தொட்டதும் சத்தமில்லாமல் கீழிருந்து திரும்பத் தொடங்கிவிடும். பிரைமரி கீக்கு இதை ஒருபோதும் போடக் கூடாது.

### சரிசெய்வது

போஸ்ட்கிரஸில், சீக்குவென்ஸின் எண்ணை மாற்றும் செட்வேல் போட வேண்டும். ஆனால் வெறும் மேக்ஸை எடுத்து உள்ளே கொடுத்தால் இரண்டு சிக்கல் உண்டு. மேக்ஸ் எடுப்பதற்கும் செட்வேல் போடுவதற்கும் நடுவில் இன்னொருவர் வரி சேர்த்துவிடலாம். அதனால் ஒரு டிரான்சாக்ஷனைத் தொடங்கி, டேபிளை எக்ஸ்க்ளூசிவ் மோடில் பூட்டி, பிறகு செய்யுங்கள். படிப்பவர்களுக்கு அது தடையாக இராது, எழுதுபவர்கள் மட்டும் நொடி நேரம் காத்திருப்பார்கள். இன்னொன்று, டேபிள் காலியாக இருந்தால் மேக்ஸ் நல் ஆகும். செட்வேலுக்கு நல் கொடுத்தால் அது பிழையும் சொல்லாது, எதையும் மாற்றவும் மாற்றாது. நல்லுக்கு மாற்று மதிப்பு தரும் கோஅலெஸ் போட்டு 0 ஆக்கினாலோ, 0 குறைந்தபட்ச எண்ணான 1-க்குக் கீழே என்று மறுத்துவிடும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: மேக்ஸ் நல் என்றால் மட்டும் கோஅலெஸ் மூலம் 0 ஆக்கி, அதோடு 1 கூட்டி, மூன்றாவது மதிப்பாக ஃபால்ஸ் கொடுங்கள். "அடுத்து கொடுக்க வேண்டிய எண் இதுதான்" என்று அர்த்தம். காலி டேபிளுக்கும் நிறைந்த டேபிளுக்கும் ஒரே கட்டளை போதும்.

செட்வேல் போட்ட நொடியே மற்ற எல்லோருக்கும் தெரியும். டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்தாலும் அது திரும்பாது. ஆகவே "போட்டுப் பார்ப்போம், சரியில்லை என்றால் ரோல்பேக்" என்பது இங்கே வேலைக்கு ஆகாது. சீக்குவென்ஸுக்கு கேஷ் (முன்கூட்டியே எடுத்துவைக்கும் எண்களின் கட்டு) வைத்திருந்தால் ஏற்கெனவே எண்களை வாங்கி வைத்துள்ள செஷன்கள் பழைய எண்களையே தொடர்ந்து கொடுக்கும். அப்ளிகேஷன் இணைப்புகளை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் ஐடென்டிட்டி நெடுவரிசை என்றால் டிபிசிசி செக்ஐடென்ட் கட்டளையை நோரீசீட் உடன் ஓட்டுங்கள். தற்போதைய ஐடென்டிட்டி எண்ணையும் நெடுவரிசையின் மேக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், எதையும் மாற்றாது. பிறகு ரீசீட். அதில் ஒரு நுணுக்கம்: வரிகள் உள்ள டேபிளில் ரீசீட் 100 என்றால் அடுத்த வரி 101. ஆனால் இதுவரை ஒரு வரியும் சேராத டேபிளிலும் டிரன்கேட் கட்டளையால் காலியாக்கிய டேபிளிலும் அதே கட்டளைக்கு அடுத்த வரி 100-ஆகவே வரும்.

### எப்போது டிபிஏவை, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகியை, கூப்பிட வேண்டும்

பிரைமரி கீயே இல்லாத டேபிளில் ஒரே ஐடி இரண்டு வரிகளுக்குப் போய்விட்டது, மற்ற டேபிள்கள் அந்த ஐடியை மேற்கோள் காட்ட ஆரம்பித்துவிட்டன என்றால் செட்வேல் போட்டு முடிக்கக்கூடிய வேலை இல்லை. எந்தப் பிள்ளை வரி யாருக்குச் சொந்தம் என்று பிரித்தெடுக்க வேண்டும். எழுதுவதை நிறுத்திவிட்டு அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள். இரண்டு சர்வர்களிலும் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்பாக இருந்தாலும் அப்படியே.

## அறிகுறி: "கர்வேல் இந்த செஷனில் இன்னும் வரையறுக்கப்படவில்லை"

போஸ்ட்கிரஸும் இப்படிச் சொல்லும், ஆரக்கிளும் ஓஆர்ஏ-08002 என்று சொல்லும். இந்த செஷனில் யாரும் நெக்ஸ்ட்வேல் கூப்பிடவில்லை என்பதே பொருள். எதுவும் கெட்டுப்போகவில்லை.

கையால் குவரி கருவியில் பார்க்கிறீர்களா? புது செஷனில் கர்வேல் கேட்டால் பிழைதான் வரும். சீக்குவென்ஸின் நிலைதான் வேண்டும் என்றால் மேலே சொன்ன இரண்டாவது எண்ணைப் பாருங்கள். மரியாடிபியில் இதே இடத்தில் பிழைக்குப் பதிலாக நல் வரும். அதை 0 என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்ட நிரல் ஒன்றைத் திருத்தியிருக்கிறேன், கவனம்.

அப்ளிகேஷனில் வருகிறதா? இன்சர்ட் ஓர் இணைப்பிலும் கர்வேல் வேறோர் இணைப்பிலும் போகின்றன. அப்ளிகேஷனின் பூல் இரண்டு முறை இணைப்பு எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லையா? நடுவில் பிஜிபவுன்சர் போன்ற பூலர் டிரான்சாக்ஷன் மோடில் இருக்கும். ஒரு டிரான்சாக்ஷன் முடிந்ததும் பின்னால் இருக்கும் உண்மையான இணைப்பு வேறொருவருக்குப் போய்விடும். இங்கே பிழை வருவது நல்ல அதிர்ஷ்டம். பிழையே வராமல் வேறொருவர் வாங்கிய எண் உங்களுக்குக் கிடைப்பதுதான் உண்மையான ஆபத்து. ஒருவருடைய விவரம் இன்னொருவர் ஐடியில் பதிவாகிவிடும், யாருக்கும் தெரியாது.

தீர்வு ஒன்றே: இன்சர்ட்டிலேயே ரிட்டர்னிங் போட்டு ஐடியைத் திரும்ப வாங்குங்கள். ஒரே கட்டளை, ஒரே இணைப்பு. அப்புறம் கர்வேலே தேவைப்படாது.

## அறிகுறி: பிழை இல்லை, ஆனால் திரும்பி வரும் ஐடி வேறு டேபிளுடையது

டேபிளில் டிரிகர் (வரி சேரும்போது தானாக ஓடும் நிரல்) இருக்கிறதா பாருங்கள். பத்தில் ஒன்பது முறை என்று எண்ணிக்கை சொல்ல மாட்டேன், ஆனால் நான் முதலில் தேடுவது அதைத்தான். டிரிகர் ஒரு தணிக்கை டேபிளில் வரி சேர்க்கும், அந்த டேபிளுக்கும் சீக்குவென்ஸ் இருக்கும். போஸ்ட்கிரஸின் லாஸ்ட்வேல் "இந்த செஷனில் கடைசியாக எந்த சீக்குவென்ஸ் எண் கொடுத்ததோ அது" என்று சொல்வதால் தணிக்கை டேபிளின் எண் வந்துவிடும். எஸ்கியூஎல் சர்வரில் அட்அட்ஐடென்டிட்டி அப்படிப்பட்டது. அங்கே ஸ்கோப்_ஐடென்டிட்டிக்கு மாறினால் டிரிகரின் எண் கலக்காது. ஐடென்ட்_கரன்ட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது எல்லா செஷனுக்கும் பொதுவான எண்.

மைஎஸ்கியூஎல்லில் டிரிகர் இல்லாமலேயே குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. ஒரே இன்சர்ட்டில் பத்து வரி சேர்த்தால் லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி அந்தப் பத்தில் முதல் வரியின் ஐடியைத் தரும். கடைசி வரி என்று நினைத்து எழுதிய நிரல் ஒன்பது எண் பின்னால் நிற்கும்.

## அறிகுறி: சீக்குவென்ஸ் காட்டும் எண் டேபிளைவிட வெகுவாக முன்னால் இருக்கிறது

பெரும்பாலும் பழுதே இல்லை. எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள்.

ஆரக்கிள். லாஸ்ட்_நம்பர் என்பது டிஸ்கில் எழுதிவைத்த எண். கேஷ் 20 என்று இருந்தால் முதல் நெக்ஸ்ட்வேல் 1 கொடுக்கும்போதே லாஸ்ட்_நம்பர் 21 ஆகிவிடும். பயன்படுத்திய கடைசி எண் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். லாஸ்ட்_நம்பரை வைத்து "இன்று எத்தனை பதிவு" என்று அறிக்கை எழுதியவர்களுக்குக் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. நோகேஷ் என்றால் அது அடுத்து கொடுக்கப்போகும் எண்.

போஸ்ட்கிரஸ், முதன்மை சர்வர். கேஷ் 1-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு செஷனும் அத்தனை எண்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளும், லாஸ்ட்_வேல்யூ அந்தக் கட்டின் கடைசி எண்ணைக் காட்டும்.

போஸ்ட்கிரஸ், ரெப்ளிகா (முதன்மையின் நகல் சர்வர்). முதன்மை சர்வரில் லாஸ்ட்_வேல்யூ 1, ரெப்ளிகாவில் 33. பதற வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் லாகில் (மாற்றங்களின் பதிவில்) எழுதினால் வேகம் குறையும் என்பதால் 32 எண்களை முன்கூட்டியே லாகில் எழுதிவைக்கிறது. ரெப்ளிகா லாகை மட்டும் பார்க்கிறது. முதன்மையில் லாக்_சிஎன்டி பாருங்கள்: இன்னும் எத்தனை எண் புது லாக் இல்லாமல் கொடுக்கலாம் என்பது அதில் இருக்கும். லாஸ்ட்_வேல்யூவோடு அதைக் கூட்டினால் ரெப்ளிகா காட்டும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ரெப்ளிகா பின்தங்காத நிலையிலும் ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் டிபிஏவிடம் கொண்டுபோங்கள்.

மரியாடிபி. சீக்குவென்ஸ் 10.3-இல் வந்தது, கேஷ் சொல்லாமல் விட்டால் 1000. செலக்ட் செய்தால் தெரிவது நெக்ஸ்ட்_நாட்_கேஷ்ட்_வேல்யூ. பெயரே சொல்லிவிடுகிறது, கேஷுக்குள் போகாத அடுத்த எண் அது.

## அறிகுறி: மைஎஸ்கியூஎல்லில் வரி சேர்கிறது, ஆட்டோ_இன்க்ரிமென்ட் எண் அசையவே இல்லை

பதிப்பு 8-தானே? இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் டேபிள்ஸ் காட்டும் எண் ஏற்கெனவே எடுத்துவைத்த புள்ளிவிவரம். 86400 நொடி, அதாவது ஒரு முழு நாள், பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் செஷனில் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பயரி என்பதை 0 ஆக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கண்காணிப்பு ஸ்கிரிப்டிலும் இதை முதல் வரியாகச் சேருங்கள்.

பதிப்பு 5.7 அல்லது அதற்கு முந்தையது என்றால் வேறு விஷயம் ஒன்று உண்டு. அங்கே இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சின் இந்த எண்ணை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. கடைசி வரிகளை அழித்துவிட்டு சர்வரை மறுதொடக்கம் செய்தால் மேக்ஸிலிருந்து கணக்கிட்டு அழிந்த ஐடிகளையே திரும்பக் கொடுக்கும். அழித்த ஐடி திரும்ப வந்தது என்று யாராவது புகார் சொன்னால் இதுதான் காரணம். 8-இல் எண்ணை லாகில் எழுதிவைப்பதால் இது நின்றுவிட்டது.

## அறிகுறி: புத்தம் புது சீக்குவென்ஸ், ஆனால் முதல் எண் ஒன்று தள்ளி வருகிறது

லாஸ்ட்_வேல்யூ 1, அடுத்த எண் 2-ஆ, 1-ஆ? லாஸ்ட்_வேல்யூவை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. இஸ்_கால்டு ஃபால்ஸ் என்றால் 1 இன்னும் யாருக்கும் போகவில்லை, அடுத்து வருவது 1. ட்ரூ என்றால் 1 போய்விட்டது, அடுத்து 2. முதலில் மூன்று விவரத்தையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான். போஸ்ட்கிரஸ் 10-இலிருந்து உள்ள பிஜி_சீக்குவென்சஸ் வியூவில் பார்த்தால், ஒரு முறையும் பயன்படுத்தாத சீக்குவென்ஸுக்கு லாஸ்ட்_வேல்யூ நல் என்று வரும். அனுமதி இல்லாதவருக்கும் அதே நல்தான், ஆகவே நல் பார்த்தால் அனுமதியையும் சரிபாருங்கள்.

எஸ்கியூஎல் சர்வரின் சிஸ்.சீக்குவென்சஸில் கரன்ட்_வேல்யூ, பயன்படுத்தாத சீக்குவென்ஸுக்கும் தொடக்க எண்ணையே காட்டும். முதல் எண் போன பிறகும் அதே எண்தான். 2017 பதிப்பிலிருந்து லாஸ்ட்_யூஸ்ட்_வேல்யூ என்ற நெடுவரிசை இருக்கிறது, அதைப் பாருங்கள்.

## அறிகுறி: ஐடிகளுக்கு நடுவே இடைவெளி

எத்தனை எண் குதித்தது என்று பாருங்கள், காரணத்தை அந்த எண்ணிக்கையே சொல்லும்.

ஒன்றிரண்டு என்றால் ரோல்பேக், அல்லது தோற்ற இன்சர்ட். ஆன் கான்ஃப்ளிக்ட் போட்டு எழுதும் இன்சர்ட், வரி சேராவிட்டாலும் எண்ணைத் தின்னும். மணிக்கு ஆயிரம் முறை அப்படி ஓடும் ஒத்திசைவு வேலை ஒன்று இருந்தால் டேபிளில் நூறு வரி இருக்கும்போதே ஐடி லட்சத்தைத் தாண்டிவிடும். மைஎஸ்கியூஎல்லின் இன்சர்ட் இக்னோரும் இப்படித்தான்.

32 வரை என்றால் போஸ்ட்கிரஸ் சர்வர் திடீரென விழுந்து எழுந்திருக்கிறது, அல்லது ரெப்ளிகா முதன்மையாக மாறியிருக்கிறது. 20-க்குள் என்றால் ஆரக்கிள் கேஷ் நினைவகத்திலிருந்து போயிருக்கிறது. சரியாக 1000 அல்லது 10000 என்றால் எஸ்கியூஎல் சர்வரின் ஐடென்டிட்டி கேஷ்: இன்ட்டுக்கு 1000, பெரிய முழு எண் வகையான பிக்இன்ட்டுக்கு 10000. 2017-இலிருந்து அந்தந்த டேட்டாபேஸுக்கு மட்டும் ஐடென்டிட்டி_கேஷை நிறுத்தலாம், வேகம் கொஞ்சம் குறையும்.

இவற்றில் எதையும் நான் "சரிசெய்ய" மாட்டேன். இடைவெளியை நிரப்ப சீக்குவென்ஸைப் பின்னால் நகர்த்துவதுதான் முதல் அறிகுறியில் பார்த்த டூப்ளிகேட் கீக்குக் குறுக்குவழி. ரசீது எண் போல இடைவெளியே இருக்கக் கூடாத எண் வேண்டுமென்றால் சீக்குவென்ஸ் அதற்கான கருவி இல்லை. ஒரே வரி உள்ள எண்ணி டேபிள் வைத்து, அதே டிரான்சாக்ஷனில் அந்த வரியை அப்டேட் செய்து எண்ணை எடுங்கள். எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். கேஷ் இருந்தால் எண்கள் நேர வரிசையிலும் வராது. பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை ஓட்டும் ஆரக்கிள் ஆர்ஏசியில் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தனி கட்டு வைத்திருக்கும். எது முதலில் வந்தது என்று தெரிய ஐடியை நம்பாமல் நேரத்தைத் தனியாகப் பதியுங்கள்.

## அறிகுறி: டேபிளுக்கு அனுமதி இருக்கிறது, சீக்குவென்ஸுக்கு அனுமதி மறுப்பு

போஸ்ட்கிரஸில், தனக்கென சீக்குவென்ஸ் உருவாக்கிக்கொள்ளும் சீரியல் நெடுவரிசையில் இது வரும். டேபிளுக்குக் கொடுத்த அனுமதி சீக்குவென்ஸுக்குப் போகாது, யூசேஜ் அனுமதியைத் தனியாகக் கொடுங்கள். ஐடென்டிட்டி நெடுவரிசைக்கு இது தேவையில்லை.

## அறிகுறி: "உச்ச எண்ணை எட்டிவிட்டது" அல்லது "இன்டிஜர் எல்லைக்கு வெளியே"

இரண்டும் ஒன்று போலத் தெரியும், பழுதான இடம் வேறு. உச்ச எண்ணை எட்டியது என்று வந்தால் தடுத்தது சீக்குவென்ஸ். ஆரக்கிளில் இது ஓஆர்ஏ-08004. இன்டிஜர் எல்லைக்கு வெளியே என்று வந்தால் சீக்குவென்ஸ் எண்ணைக் கொடுத்துவிட்டது, நெடுவரிசையால்தான் அதைப் பிடிக்க முடியவில்லை. மைஎஸ்கியூஎல்லில் மூன்றாவது முகம்: 2147483647 என்ற எண்ணுக்கு டூப்ளிகேட் பிழை வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் மற்ற காரணங்களைத் தேட வேண்டாம்.

சீக்குவென்ஸ் மட்டும் முட்டியது, நெடுவரிசை பிக்இன்ட். எளிது. போஸ்ட்கிரஸ் 10-இலிருந்து சீரியல் உருவாக்கும் சீக்குவென்ஸும் இன்டிஜர் அளவே. பிறகு நெடுவரிசையை பிக்இன்ட் ஆக்கியிருந்தாலும் சீக்குவென்ஸ் பழைய அளவிலேயே நிற்கும். ஆல்டர் சீக்குவென்ஸில் ஆஸ் பிக்இன்ட் போட்டால் நொடியில் முடியும்.

நெடுவரிசையே இன்டிஜர். உண்மையான செலவு இங்கேதான். வகையை மாற்றினால் போஸ்ட்கிரஸ் முழு டேபிளையும் திரும்ப எழுதும், அது முடியும்வரை படிக்கவும் முடியாது. கோடிக்கணக்கான வரிகள் என்றால் மணிக்கணக்கு ஆகலாம். உடனடியாக மூச்சுவிட ஒரு வழி உண்டு: சீக்குவென்ஸின் குறைந்தபட்ச எண்ணை மைனஸ் 2147483648 ஆக்கி அங்கிருந்து தொடங்குங்கள். இன்னொரு 200 கோடிக்கு மேல் எண் கிடைக்கும். ஐடி நேர்மறையாகத்தான் இருக்கும் என்று அப்ளிகேஷனிலோ அறிக்கைகளிலோ யாரும் எழுதிவைக்கவில்லை என்று சரிபார்த்த பிறகே இதைச் செய்யுங்கள்.

பிறகு நிதானமாக பிக்இன்ட்டுக்கு மாற டிபிஏவைக் கூப்பிடுங்கள். புது நெடுவரிசை சேர்த்து, பழையதிலிருந்து சிறிது சிறிதாக நிரப்பி, கடைசியில் பெயரை மாற்றும் வேலை அது. இந்த ஐடியைச் சுட்டும் ஃபாரின் கீ வைத்திருக்கும் ஒவ்வொரு டேபிளிலும் இதே வேலை திரும்ப உண்டு. அவரிடம் போகும்போது முதலில் எழுதிய மூன்று எண்களோடு, ஒரு நாளைக்கு எத்தனை எண் செலவாகிறது என்ற கணக்கையும் கொண்டுபோங்கள். வரி எண்ணிக்கையை வைத்து அதைக் கணக்கிடாதீர்கள், சீக்குவென்ஸின் எண்ணை இரண்டு நாள் ஒரே நேரத்தில் எடுத்துக் கழித்துப் பாருங்கள்.